பழத்தை ஒதுக்கும் பிள்ளைகள்: யாழ்ப்பாணத்து இளம் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொய்யாவும் பப்பாசியும் வேலியோரத்தில் தாமாகவே முளைத்துக் காய்க்கின்ற யாழ்ப்பாணத்தில், பிள்ளை பழம் சாப்பிடுகிறதில்லை என்று முறையிடாத தாய்மாரைக் காண்பது அரிது. பழம் கிடைக்காமையால் வந்த குறை இதுவன்று. எங்கள் வீடுகளுக்குள் பழம் பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் வருகிறது: கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுக் கொண்டுவரும் வாழைப்பழமாக, விருந்துக்கு வருபவர்கள் கையில் கொண்டுவரும் அப்பிளாக, வருத்தமாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் முந்திரிகையும் (திராட்சை) தோடம்பழமுமாக. அன்றாடம் பின்னேரத் தேநீரோடு மேசைக்கு வருவதோ பிஸ்கற்றும் மிக்சரும். ஆகவே பழம் என்பது விசேட நாளுக்கோ நோய்க்கோ உரிய பொருள் என்றே பிள்ளை விளங்கிக்கொள்கிறது. அந்த விளக்கத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. அதைப் புத்திமதியால் மாற்ற முடியாது. பழம் வைக்கப்படும் இடத்தையும் நேரத்தையும் வெட்டிக் கொடுக்கும் விதத்தையும் மாற்றுவதால் மாற்றலாம். முதற்பிள்ளையை வளர்க்கும் பெற்றோரை மனத்திற்கொண்டு, ஆறு மாதக் குழந்தை தொடக்கம் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை பொருந்தக்கூடியவற்றை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

எது பெற்றோர் பொறுப்பு, எது பிள்ளையின் பொறுப்பு

தொடங்குமுன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எலின் சாற்றர் என்ற அமெரிக்க உணவியலாளர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்த பகிர்வு இது: எந்த உணவை, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும், வைத்ததைச் சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த இரண்டும் பெரும்பாலும் தலைகீழாக நடக்கின்றன. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு, அது சொல்லும் பிஸ்கற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு பழத்துண்டோடு வீடு முழுவதும் பின்னால் ஓடித் திரிந்து வாய்க்குள் திணிக்கிறோம். திணிக்கப்பட்ட பழத்தைப் பிள்ளை விழுங்கலாம். ஆனால் மறுநாள் அதே பழத்தைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொள்ளும்.

இரண்டு வயது தொடக்கம் ஏறக்குறைய ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஒரு வயதில் பப்பாசியை அள்ளி அள்ளித் தின்ற பிள்ளை இரண்டரை வயதில் அதைத் தொடமாட்டேன் என்று சொல்வதற்கு அடம் மட்டும் காரணமன்று. பத்துத் தடவைக்கு மேல் கண்டும் தொட்டும் சுவைத்தும் பழகிய பின்னரே ஒரு சுவையை ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். பெற்றோர் பெரும்பாலும் மூன்றாவது நான்காவது தடவையிலேயே ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுவதால், பிள்ளைக்குப் பழகும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு மரக்கறியும் பழமுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம், ஆறு முதல் ஒன்பது வயது வரை 350 கிராம், பத்து வயதுக்கு மேல் 400 கிராம் என்று கூறுகிறது. தராசை எடுத்து நிறுக்கத் தேவையில்லை. பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு தடவை பழம் மேசைக்கு வருகிறது என்ற நிலையை எட்டினால் நல்ல தொடக்கம். மீதியை மரக்கறி பார்த்துக்கொள்ளும்.

முதற்படி: சில நாட்கள் எதையும் மாற்றாமல் கவனித்தல்

பழத்தை வாங்கிக் குவிப்பதற்கு முன்னர், பிள்ளை காலை எழுந்ததிலிருந்து படுக்கைக்குப் போகும்வரை எதை, எத்தனை மணிக்கு வாயில் வைக்கிறது என்பதை நான்கைந்து நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பாலும், சீனி போட்ட தேநீரும், கடைக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்த ரொபியும், பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கும் எல்லாம் எழுதப்பட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கொப்பி ஒரே விடயத்தைத்தான் காட்டும்: பிள்ளைக்கு உண்மையான பசி வருகின்ற நேரங்கள் எல்லாவற்றிலும் இனிப்பான பானமோ பொரித்த பண்டமோ முந்திக்கொண்டு போய்விடுகிறது. வயிறு நிரம்பிய பிள்ளைக்கு முன்னால் எவ்வளவு நல்ல மாம்பழத்தை வைத்தாலும் பயனில்லை.

அடுத்த வேலை கடினமானது. பிஸ்கற் ரின்னை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில் அது இருக்கும்வரை பழம் இரண்டாம் இடத்திலேயே இருக்கும். அலுமாரிக்குள் ஒளித்து வைப்பதைக் காட்டிலும் வாங்கும் அளவைக் குறைப்பது நல்லது. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள்.

இரண்டாம் படி: எந்தப் பழம், எந்தக் காலத்தில்

பழம் என்றதும் சிவத்த அப்பிளையே நினைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். கப்பலில் வந்து, குளிரூட்டிய களஞ்சியத்தில் கிடந்து, விலை ஏறிய பின்னர் எங்கள் கைக்கு வருகின்ற அப்பிளின் 100 கிராமில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உண்டு. தோடம்பழத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம். வளவில் அணில் கோதிப் போடுகின்ற கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல். அப்பிள் கெட்ட பழம் என்று சொல்ல வரவில்லை. அதற்காகக் காசைச் செலவழித்துவிட்டு, கொய்யாவை நிலத்தில் விழுந்து அழுகவிடுவது கணக்குத் தெரியாத வேலை என்றே சொல்கிறேன்.

ஆண்டு முழுவதும் கைகொடுப்பது வாழை. நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் குலைகள் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் எப்போதும் கிடைக்கும். சிறு பிள்ளைக்குக் கதலி பொருத்தமானது. கைக்குள் அடங்கும், பிள்ளை தானே உரித்துக்கொள்ளும், மீதம் விடாது. பெரிய பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கறுக்கவிடும் பிள்ளையிடம் ‘பழத்தை வீணாக்காதே’ என்று ஏசுவதைவிடச் சிறிய பழத்தைக் கொடுப்பது இலகு. இதரை, கப்பல் என்ற வாழை இனங்களும் அவ்வாறே மாற்றி மாற்றி வாங்கத் தக்கவை. ஒரே இனத்தை நாள்தோறும் கொடுத்துச் சலிக்கவைக்க வேண்டியதில்லை. பப்பாசியும் கொய்யாவும் ஆண்டின் பெரும்பகுதியில் கிடைப்பவை. இவற்றை வாரத்தின் நிரந்தரப் பழங்களாகக் கொள்ளலாம்.

வைகாசி தொடக்கம் ஆடி வரை வேறு முயற்சி எதுவும் தேவையில்லை. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு என்று மாம்பழம் சந்தையை நிறைக்கின்ற காலம் அது. தென்மராட்சியிலிருந்து பலாவும் வரும். பழமே வேண்டாம் என்கிற பிள்ளையிடம் இந்தப் பழக்கத்தைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. விலாட்டு சிறியது என்பதால் ஒரு பிள்ளைக்கு ஒரு முழுப் பழத்தைக் கொடுக்கலாம். தனக்கென்று ஒரு முழுப் பழம் கிடைப்பது பிள்ளைக்குப் பெரிய விடயம். ஒரு பழத்துக்காகப் பிள்ளையார் தாய் தகப்பனைச் சுற்றி வந்ததையும் முருகன் உலகைச் சுற்றப் போனதையும், நல்லூரில் மாம்பழத் திருவிழா நடப்பதையும் பழம் வெட்டும்போது கதையாகச் சொல்லலாம். கதையின் முடிவில் ‘ஆகவே நீயும் சாப்பிடு’ என்று சேர்த்துக்கொள்ளாமல் விட்டால் கதை தன் வேலையைச் செய்யும்.

வெயில் ஏறிய மாதங்களில் வத்தகப்பழம் வரும். கோடையில் வன்னியிலிருந்து பாலைப்பழம் வந்து சந்தையோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்கப்படும். பாலைப்பழத்தைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். விரல் நுனியளவு மஞ்சள் பழம். நிறையத் தின்றால் அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டி, மேலுதடும் கீழுதடும் பிரிய மறுக்கும். பெரியவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள்; பிள்ளைகளுக்கோ அதுதான் அந்தப் பழத்தின் சிறப்பு. நாக்கை ஊதாவாக்கும் நாவற்பழமும், கல்லில் அடித்து உடைத்துக் கரண்டியால் தோண்டித் தின்னும் விளாம்பழமும் இதே வகையைச் சேர்ந்தவை. விளையாட்டோடு வருகின்ற பழத்தைப் பிள்ளை பழமென்று எண்ணிப் பயப்படுவதில்லை. சிறிய கொட்டையுள்ள பழங்களை ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொட்டையை நீக்கியே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

பனம்பழக் காலத்தில் பனங்காய்ப் பணியாரத்தையும் பழக்கணக்கில் சேர்க்கின்ற அப்பம்மாக்கள் உண்டு. மாவும் சீனியும் சேர்த்து எண்ணெயில் பொரித்த அது பலகாரம். பலகாரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பனாட்டு ருசியானதுதான், ஆனால் இனிப்புச் செறிந்தது, பல்லில் ஒட்டுவது. இடையிடையே ஒரு சிறு துண்டு போதும்.

மூன்றாம் படி: பழுக்கவைத்தலும் கழுவுதலும்

பிள்ளை ஒரு பழத்தை வெறுப்பதற்கு, முதல் தடவை அதைச் சரியாகப் பழுக்காத நிலையில் தின்றதும் காரணமாக இருக்கலாம். மேலே மஞ்சளாகி உள்ளே புளித்துக் கிடக்கும் மாம்பழத்தைத் தின்ற பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. கல்சியம் காபைட்டுப் போட்டுப் பழுக்கவைத்த பழங்களில் இது சாதாரணம்: அது ஈரத்தோடு சேர்ந்து வெளிவிடுகின்ற அசற்றலின் வாயு தோலின் நிறத்தை விரைவில் மாற்றிவிடும், உள்ளே சதை இயல்பாகக் கனிந்திருக்காது. அதைவிட, தொழிற்சாலைத் தரக் காபைட்டில் ஆசனிக்கு, பொசுபரசு ஆகியவற்றின் எச்சங்கள் இருக்கக்கூடும். வாங்கும்போது நிறத்தை நம்பாமல் காம்படியை முகர்ந்து பாருங்கள். வாசம் இல்லாத, எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சளாக மின்னுகின்ற பழத்தைத் தவிர்ப்பது நல்லது. கறுத்தக்கொழும்பான் போன்றவற்றில் நன்கு பழுத்த பின்னும் தோலில் பச்சை தங்கியிருப்பது இயல்பு.

இயன்றவரை முற்றிய காயாக வாங்கி வீட்டிலே பழுக்கவைப்பதே சிறந்தது. சாக்குக்குள்ளோ வைக்கோலுக்குள்ளோ வைக்கலாம். நகர்ப்புற வீட்டில் பழைய பேப்பரில் சுற்றி, ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் உடன்வைத்தால் அதிலிருந்து வரும் எதிலீன் வாயு மற்றவற்றையும் பழுக்கவைக்கும். ஒவ்வொரு நாளும் எந்தப் பழம் கனிந்திருக்கிறது என்று மெல்ல அழுத்திப் பார்த்துச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். தான் காவல் காத்த பழத்தைப் பிள்ளை பெரும்பாலும் மறுக்காது.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தோலை உரிக்கும் பழமாயினும் வெட்டுவதற்கு முன்னர் ஓடுகின்ற நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கத்தி தோலிலுள்ளதைச் சதைக்குள் கொண்டுபோகும். சவர்க்காரம் வேண்டாம். வௌவால் கடித்த பழத்தை, கடித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிட்டு, முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள்.

நான்காம் படி: நேரம்

யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளையின் நாளில் பழத்துக்கு மிகப் பொருத்தமான இடைவெளி ஒன்று இருக்கிறது: பள்ளிக்கூடம் விட்டு வந்து மத்தியானச் சாப்பாடு முடித்து, ரியூசனுக்குப் புறப்படுவதற்கு முன்னரான நேரம். மூன்று, மூன்றரை மணியளவில் பிள்ளைக்குச் சின்னப் பசி வரும். ரியூசன் வாசலில் ஐஸ்பழமும் கடலையும் கண்ணில் படுவதற்கு முன்னர் வீட்டு மேசையில் வெட்டிய பழம் தயாராக இருக்க வேண்டும். ‘பழம் வேணுமா’ என்று கேட்கத் தேவையில்லை. கேட்டால் பதில் தெரிந்ததே. ஒரு கோப்பையில் வைத்துவிட்டு நீங்களும் பக்கத்திலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். வைத்த பழம் இருபது நிமிடத்தில் முடியவில்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பதிலாகப் பிஸ்கற் வரக்கூடாது. அடுத்த சாப்பாட்டு நேரம் வரை பிள்ளை சற்றுப் பசித்திருப்பதால் எந்தத் தீங்கும் நேராது.

முன்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் காலை பத்து மணியும் பின்னேரமும் பொருந்தும். ஓடிக்கொண்டோ, மோட்டார் சைக்கிளின் முன்னால் இருந்துகொண்டோ, தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டோ சாப்பிடுவதை அனுமதிக்கக்கூடாது. முதல் இரண்டும் புரையேறும் ஆபத்துக்காக. மூன்றாவது, தான் என்ன தின்கிறது என்பதே தெரியாமல் தின்னும் பிள்ளை அந்தச் சுவைக்குப் பழகாது என்பதற்காக.

ஐந்தாம் படி: வெட்டிக் கொடுக்கும் விதம்

என் அனுபவத்தில் பாதி வெற்றி கத்தியில்தான் இருக்கிறது. முழுப் பழத்தைக் கையில் கொடுத்தால் ‘பிறகு’ என்று சொல்லி வைத்துவிடுகிற அதே பிள்ளை, வெட்டி வைத்த துண்டுகளைக் கண்டால் விளையாட்டுக்கிடையிலும் வந்து எடுத்துப்போகும்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். காம்பை ஒட்டி வெட்டி, தலைகீழாகச் சில நிமிடம் பிடித்துப் பாலை வடியவிட்டுக் கழுவ வேண்டும்; பால் உதட்டில் பட்டால் எரிந்து புண்ணாகும், அந்த ஒரு அனுபவம் பிள்ளையை மாதக் கணக்கில் மாம்பழத்திலிருந்து விலக்கிவிடும். பிறகு கொட்டையின் தட்டையான இரு பக்கங்களையும் ஒட்டி இரண்டு கன்னங்களாகச் சீவி, தோல் வெட்டுப்படாமல் சதையில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோலின் பக்கத்தை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் சதுரத் துண்டுகள் மலர்ந்து நிற்கும். பிள்ளை ஒவ்வொன்றாகக் கடித்தெடுக்கலாம். எஞ்சிய கொட்டையை எறியாதீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடியில் இருத்தி, முழங்கைவரை சாறு ஒழுக ஒழுகக் கொட்டையைச் சூப்பவிட்டால், மேசையில் வைத்த கோப்பையால் முடியாததை அது முடித்துவைக்கும்.

கொய்யாவில் பிள்ளைகளுக்குப் பிடிக்காதது நடுவிலுள்ள விதை. நான்காக வெட்டி, விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு மெல்லிய கீற்றுகளாக்கிக் கொடுங்கள். முழுப் பழத்தின் மணம் பிடிக்காதவர்களுக்குச் செங்காய்ப் பருவம் பிடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலேசாக உப்புத் தூவலாம். மிளகாய்த்தூள் அவரவர் விருப்பம். பப்பாசியின் மணத்தை ஒதுக்குகிற பிள்ளைக்கு அதைக் குளிரவைத்து, தேசிக்காய்ப் புளி சில துளி விட்டுக் கொடுத்தால் மணம் அடங்கும். அப்பிள் கறுப்பதற்கும் தேசிக்காய்த் தண்ணீரே மருந்து.

புரையேறுதல் பற்றி விளையாட்டாக இருக்கக்கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முந்திரிகைப்பழத்தை முழுதாகக் கொடுக்கவே கூடாது. வட்டமாகவன்றி நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுக்க வேண்டும். றம்புட்டானின் கொட்டை வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும்; சதையைச் சீவி எடுத்தே கொடுங்கள். பலாச்சுளையை மெல்லிய நாடாவாகக் கிழித்துக் கொடுக்கலாம். அவிக்காத அப்பிளின் கடினமான துண்டு பல் முற்றாக வராத குழந்தைக்கு ஏற்றதன்று. அவித்து மசிக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு, ஆறு மாதம் நிறைந்து தாய்ப்பாலோடு மற்ற உணவு தொடங்கும்போது, நன்கு பழுத்த வாழைப்பழத்தையும் பப்பாசியையும் முள்ளுக்கரண்டியால் மசித்துக் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பழம் என்று தொடங்கினால் எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று தெரியும். சீனியும் உப்பும் சேர்க்கக்கூடாது. தேன் ஒரு வயதுக்கு முன்னர் வேண்டவே வேண்டாம். அதனால் வரக்கூடிய நச்சுப் பாதிப்பு அரிதாயினும் குழந்தைக்குப் பாரதூரமானது.

ஆறாம் படி: சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

‘இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிறீம் தருவேன்’ என்பது மிக வழக்கமான பேரம். இந்தப் பேரத்தில் பழம் தண்டனையாகவும் ஐஸ்கிறீம் பரிசாகவும் மாறுகிறது. பிள்ளை அந்த வரிசையை நன்றாகவே மனத்தில் பதித்துக்கொள்ளும். ‘பாருங்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடுது’ என்பது அதைவிட மோசமானது. ‘சத்து’, ‘உடம்புக்கு நல்லது’ என்ற சொற்களும் ஐந்து வயதுப் பிள்ளையை அசைப்பதில்லை. மருந்துக்கும் அதையேதானே சொல்லிக் கொடுக்கிறோம்.

சொல்லத் தக்கவை எளியவை. ‘இண்டைக்கு அம்பலவி, நேற்றையது விலாட்டு, எது கூட இனிப்பு எண்டு சொல்லு பாப்பம்’ என்றால் பிள்ளை இரண்டையும் சுவைத்துப் பார்த்து நீதிபதியாகிவிடும். சிறுவர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யக் கொடுங்கள்: வாழைப்பழமா, பப்பாசியா? வேண்டாம் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. பிடிக்காத பழத்தைக் கோப்பையின் ஓரத்தில் கடலையளவு ஒரு துண்டாக, பிடித்த பழத்துக்குப் பக்கத்தில் வைத்து வாருங்கள். தொட்டுப் பார்த்தாலும், முகர்ந்தாலும், வாயில் வைத்துத் துப்பினாலும் அது முன்னேற்றமே. ‘ஏன் துப்பினாய்’ என்று கேட்காமல் விடுவது பெற்றோருக்குச் சிரமமானதுதான்.

தகப்பன்மார் இந்த விடயத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார்கள். தகப்பன் சோடாவோடும் மகன் கொய்யாவோடும் இருக்கின்ற மேசையில் கொய்யா தோற்றுப்போகும்.

வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் அவர்களோடு முரண்படாமல் பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. ‘பிள்ளை, மாம்பழம் சூடடி, கொப்புளம் போடும்’ என்பார்கள். மாம்பழக் காலமும் வெயிலின் உச்சமும் ஒன்றாக வருவதால், வெயிலால் வந்த வேர்க்குருவின் பழி மாம்பழத்தின் மேல் விழுகிறது. வாயைச் சுற்றி வருகின்ற தடிப்புக்குப் பாலும் தோலும் காரணமாகலாம். பாலை வடித்து, தோலைத் தடிப்பாகச் சீவினால் இரு தரப்புக்கும் சமாதானம். வாழைப்பழம் சளி பிடிக்கும் என்பதும் அப்படித்தான்: தடிமனை உண்டாக்குவது வைரசு. இருமல் இருக்கும் நாளில் பாட்டியின் மனம் நோகாமல் வேறு பழத்தைக் கொடுத்துவிட்டால் போயிற்று. வாழைப்பழத்தையே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சாறு பழத்துக்கு ஈடன்று

பழம் தின்னாத பிள்ளைக்குச் சாறாவது கொடுப்போம் என்பது இயல்பான எண்ணம். ஆனால் பிழிந்து வடிக்கும்போது நார் போய்விடுகிறது, மூன்று தோடம்பழத்தின் இனிப்பு ஒரே மூச்சில் உள்ளே போகிறது, மெல்லும் பழக்கமும் வருவதில்லை. அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒரு வயதுக்கு முன்னர் சாறு கொடுக்கத் தேவையில்லை. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிலீற்றருக்கும், நான்கு முதல் ஆறு வயது வரை 180 மில்லிலீற்றருக்கும் மேற்படக்கூடாது. சீனி போட்டுக் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரும் கொடித்தோடைச் சாறும் இந்தக் கணக்கைவிடக் கூடிய எச்சரிக்கைக்குரியவை. பாலும் வாழைப்பழமும் சேர்த்து அடித்த பானத்தில் நார் தங்கியிருக்கும் என்பதால் அது சற்றுப் பரவாயில்லை. சீனி சேர்க்காமல் அடிக்க வேண்டும்.

போத்தலில் பழத்தின் படம் அச்சிட்டு விற்கப்படும் பானங்களில் பழம் எவ்வளவு என்பதைப் பின்பக்கத்தில் வாசித்துப் பாருங்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடக்கம் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டவற்றுக்குச் செம்மஞ்சள். வாசிக்கப் பழகிய பிள்ளையிடம் கடையில் இந்த நிறத்தைத் தேடிச் சொல்லச் சொன்னால், வாதம் செய்யாமலே பாதிப் போத்தல்கள் தட்டுக்குத் திரும்பிவிடும்.

பள்ளிக்கூடத்துப் பெட்டி

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் பழம் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: நசியக்கூடாது, கறுக்கக்கூடாது, இடைவேளையில் விரைவாகத் தின்று முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கொய்யாக் கீற்று, சுளை பிரித்த தோடம்பழம், முத்து உதிர்த்த மாதுளை ஆகியவை மூன்றிலும் தேறும். வாழைப்பழம் புத்தகங்களுக்கிடையில் நசிந்துவிடுவதால் தனிப் பெட்டி வேண்டும். வெட்டிய பப்பாசியும் வத்தகப்பழமும் வெயிலில் மணிக்கணக்கில் இருந்தால் பழுதாகிவிடும். அவற்றை வீட்டுக்கு ஒதுக்குங்கள். பிள்ளை தனியே தின்னக் கூச்சப்படுவதும் உண்டு. நாலு துண்டு கூடப் போட்டு, கூட்டாளிமாருக்கும் கொடுக்கச் சொல்லி அனுப்பினால் அந்தக் கூச்சம் போகும்.

எப்போது உதவி தேட வேண்டும்

பழம் ஒன்றையும் தொடாத பிள்ளை, மரக்கறியும் மற்ற உணவும் சாப்பிட்டு, வளர்ச்சிப் பதிவேட்டின் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் பதற்றப்படத் தேவையில்லை. நிறை ஏறாமல் நின்றுவிட்டாலோ, குறிப்பிட்ட தன்மையுள்ள உணவு முழுவதையும் ஓங்காளித்து வெளியே தள்ளினாலோ, மலச்சிக்கல் தொடர்ந்தாலோ, பழம் தின்றதும் உதடு வீங்குவதோ உடம்பில் தடிப்பு எழுவதோ நேர்ந்தாலோ, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் காட்டுங்கள். அவர் தேவையான இடத்துக்கு அனுப்புவார். மூச்சுவிடச் சிரமப்பட்டால் அதற்காகக் காத்திராமல் நேரே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வளவில் ஒரு மரம்

இடம் இருந்தால் பிள்ளையின் பெயரில் ஒரு பழமரம் வைப்பதை இந்த முயற்சியின் பகுதியாகவே கொள்ளுங்கள். ஒட்டு மாங்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் எடுக்கும். பிள்ளையின் பொறுமைக்கு அது நீண்ட காலம். பப்பாசி ஓராண்டுக்குள் பழம் தரக்கூடியது. நல்ல பழமொன்றின் விதையைக் கழுவி, வழுவழுப்பான மேலுறையை நீக்கி, நிழலில் உலர்த்தி, ஒரு குழியில் மூன்று நான்கு விதையாகப் பிள்ளையின் கையாலேயே ஊன்றச் செய்யுங்கள். நீர் தேங்கும் இடம் ஆகாது. மாரியில் வெள்ளம் நின்றால் வேர் அழுகிவிடும் என்பதால் சற்று மேடான இடம் வேண்டும். நாட்டுப் பப்பாசியில் ஆண் மரமும் பெண் மரமும் கலந்து வரும். பூத்த பிறகே அடையாளம் தெரியும்: நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூவென்றால் ஆண், தண்டோடு ஒட்டியிருக்கும் பெரிய பூவென்றால் பெண். அதுவரை எல்லாக் கன்றுகளையும் விட்டுவைத்து, பிறகு குழிக்கொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆண் மரங்களில் ஒன்றை மகரந்தத்துக்காக விட்டுவைக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் நாற்றுமேடையில் றெட் லேடி இனக் கன்றை வாங்கி நடலாம். அதற்குத் தனியாக ஆண் மரம் தேவையில்லை.